மாடியில் இன்னொரு அடுப்பு

ஷாகிராவுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேகமாகிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் சமையலறை சன்னலுக்கு வருவதற்குள் பிரியாணிக்கு வேண்டிய வெங்காயம் முழுவதையும் அரிந்து தட்டில் மலையாகக் குவித்திருந்தாள். கண்ணில் நீர் ஒழுகியது. வெங்காயம்தான் காரணம் என்று யாராவது சொல்லியிருந்தால் கத்தியைத் தூக்கி எறிந்திருப்பாள்.

காரணம் ருக்சார் பாபி. ஷாகிராவின் கணவன் ஃபராஸுக்கு அண்ணன் மனைவி. ஷாகிராவைச் சித்தி முறையில் சாச்சி என்று கூப்பிடும் அவள் மகள் ஆஃப்ரீனைப் பார்க்க அன்று மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, டவலைச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஷாகிரா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சைனா பேச்ச எடுக்காத. யாராவது கேட்டா, அவரு மட்டும்தான் போய் வந்துகினு இருந்தாரு, நான் மெட்ராஸ்லதான் இருந்தேன்னு சொல்லிடு."

"எட்டு வருஷத்த எங்க பாபி ஒளிச்சு வைக்கிறது?"

"ஒளிச்சு வைக்க எவ சொன்னா? வாயத் தொறக்காதன்னு சொல்றேன். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க மார்க்கத்துல ரொம்ப பேணுதலான குடும்பம். ஆஃப்ரீனோட சாச்சி சைனால குப்ப கொட்டினவ, அங்க என்னத்த தின்னாளோன்னு அவங்களுக்குள்ள ஒரு நெனப்பு வந்துடக் கூடாது. உன் பொண்ணு ஆயத் கிட்டயும் சொல்லி வை. சைனா பாஷை பேசிக் காட்றேன்னு கிளம்பிடப் போவுது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது மாமனார் மெஹபூப் அலியின் வீடு. கீழே கூடம், சமையலறை, பெரிய மகன் ஆசிஃபின் அறைகள். மேலே சின்ன மகன் ஃபராஸ், ஷாகிரா, மகள் ஆயத் மூவருக்கும் சேர்த்து ஓர் அறை. அதையடுத்து மொட்டை மாடி. மாடியின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட அறை ஒன்று, கடைச் சரக்கு வைப்பதற்கு. கடை தி.நகரில். ஹேர் கிளிப், வளையல், கைப்பை, மொத்த வியாபாரம். ஆசிஃப் கல்லாவில் உட்காருவான். அந்தக் கல்லாவுக்குச் சரக்கு பிடிக்கத்தான், கல்யாணமான புதிதில் ஃபராஸ் சீனாவுக்கு அனுப்பப்பட்டான்.

யீவூ என்பது ஷாங்காயிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில் இருக்கிற ஊர். அங்கே உள்ள சந்தையில் விற்காத சில்லறைச் சாமான் உலகத்தில் கிடையாது. ஷாகிரா வடபழனிப் பெண். அவள் அத்தா சினிமா கம்பெனிகளுக்குத் துணி தைத்த டெய்லர். கணவனோடு அந்த ஊரில் போய் இறங்கியபோது அவளுக்குத் தெரிந்த பெரிய ஊர் சென்னை ஒன்றுதான். முதல் வாரம் அவளும் ஃபராஸும் வாழைப்பழமும் பிஸ்கெட்டும் தின்று கழித்தார்கள். காய்கறி என்று வாங்கினால்கூட நம்ப முடியாது, கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குகிற ஊர் அது. கடைத்தெருவில் பசியோடு நடந்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பி வந்திருக்கிறாள்.

அவளைக் காப்பாற்றியவள் மா லான். ஷாகிராவின் கட்டடத்துக்குக் கீழேயே நூடுல்ஸ் கடை வைத்திருந்த பெண். தலையில் கறுப்பு முக்காடு. அவளுடைய ஊர் வடமேற்கே, பாலைவனத்துக்குப் பக்கத்தில். பரம்பரை முஸ்லிம். ஷாகிராவின் முக்காட்டைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து வந்து சலாம் சொன்னாள். அந்த ஒரு சொல் தவிர இருவருக்கும் பொதுவாக வேறு பேச்சில்லை. மா லான் அவள் கையைப் பிடித்துக் கடை வாசலுக்குக் கூட்டிப்போய், பலகையில் பச்சை நிறத்தில் எழுதியிருந்த இரண்டு எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டினாள். ஹலால் கடை என்பதற்கான எழுத்து. ஷாகிரா அதைப் பார்த்துப் பார்த்து உள்ளங்கையில் எழுதிப் பழகினாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த ஊரில் ஒரு குடும்பத்தையே நடத்திக் காட்டினாள். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்த கறிக்கடைக்குப் போக பஸ் மாற வேண்டும். மழையானாலும் எலும்பு வரைக்கும் குளிர்ந்தாலும் போவாள். ஆயத்தை வயிற்றில் சுமந்துகொண்டும் போனாள். புளி தீர்ந்தால் கறுப்பு வினிகர். தேங்காய் இல்லாவிட்டால் எள்ளரைத்த விழுது. உருளைக்கிழங்கை நூல் நூலாகச் சீவி, காய்ந்த மிளகாயைப் பொரித்து, வினிகர் தெளித்து ஒரே நிமிடத்தில் இறக்கினால் ஃபராஸ் சட்டியோடு வழித்துச் சாப்பிடுவான். மா லான் வீட்டுச் சீரகக் கறியில் இவள் சோம்பு சேர்த்தாள். இவள் ரசத்தை மா லான் சளிக்கு வாங்கிக் குடித்தாள். எந்தச் சாமானையும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்காமல், கடைக்காரனிடம் கேட்காமல், அவள் தன் அடுப்பில் ஏற்றியது கிடையாது.

ஃபராஸுடைய கதை வேறு. சரக்குக் கொடுக்கிற முதலாளிகள் அவனை விருந்துக்கு அழைப்பார்கள். வட்ட மேசை, சுற்றிச் சுற்றி வரும் தட்டுகள். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் சுருங்கும். முதலில் மீன் மட்டும் என்றான். பிறகு கேட்பதை விட்டான். பிறகு பன்றிக்கறி என்று தெரிந்தும் கையை நீட்டினான். ஒருநாள் வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்துவிட்டு, ஷாகிராவின் மடியில் தலையை வைத்து அழுதான். "ஒரு தடவை இல்ல ஷாகி. நெறய தடவை. வேணாம்னா அண்ணனோட ஆர்டர் கெட்டுப் போயிடுமோன்னு பயம்." அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். "அல்லாகிட்ட மன்னிப்பு கேட்டு தவ்பா செஞ்சுக்கோங்க. இனிமே கேட்டுச் சாப்பிடுங்க. இது நமக்குள்ளயே போவட்டும்" என்றாள். ஒருவர் குறையை மூடி வைப்பது நல்லது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். மூடி வைத்தாள்.

கொரோனா வருவதற்கு முந்தைய வாரங்களில் லீவுக்கென்று சென்னைக்கு வந்தவர்கள், திரும்பிப் போக முடியவில்லை. ஒரு பெட்டியோடு வந்ததுதான். யீவூ வீட்டில் இருந்த சட்டி, பானை, ஆயத்தின் புத்தகங்கள், குளிர் காலத்தில் போர்வை போர்த்திக் காப்பாற்றிய கறிவேப்பிலைச் செடி, எல்லாவற்றையும் வீட்டுக்காரர் காலி செய்துவிட்டார் என்று மா லான் போனில் சொன்னாள். ஃபராஸ் அண்ணனோடு கடையில் உட்கார ஆரம்பித்தான். ஷாகிரா ருக்சாரின் சமையலறையில் வெங்காயம் அரிய ஆரம்பித்தாள்.

அந்தச் சமையலறையில் அவளுக்கென்று ஒரு அலமாரித் தட்டுகூடக் கிடையாது. அடையாறில் ஒரு கடையில் தேடி வாங்கி வந்த வினிகர் பாட்டிலை, "சாராய வாட அடிக்குது" என்று ருக்சார் குப்பையில் போட்டாள். பெருநாளன்று ஷாகிரா நீட்டிய தட்டிலிருந்து ருக்சாரின் தங்கை கொழுக்கட்டையை உடனே எடுக்காமல், "நீ பண்ணதா, பாபி பண்ணதா?" என்று கேட்டு, பாபி பண்ணது என்று தெரிந்த பிறகே எடுத்தாள். சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுக்கு 'சைனா சாச்சி' என்று பெயர். ஃபராஸிடம் சொன்னால், "வுடு ஷாகி, விளையாட்டுக்குத்தான" என்பான். அவன் எப்போதும் அப்படித்தான். விளையாட்டு, விளையாட்டு, விளையாட்டு.

பகல் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் அப்துல் கய்யூம், அவர் மனைவி, மாப்பிள்ளை, கூட ஏழெட்டுப் பேர். ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளறையில். நடுவே கதவு நிலையில் திரை. கூடத்தில் விரிப்பு விரித்து, பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டுகளில் பிரியாணியை வைத்தாயிற்று. பிரியாணியை தம் போட்டு இறக்கியது ஷாகிரா. பருப்பும் கறியும் சேர்த்த தால்சாவும் அவள் கை. கத்திரிக்காயும் அவள் கை. பாராட்டு வந்தபோது ருக்சார் பட்டுச் சேலையைச் சரி செய்துகொண்டு, "ஏதோ நமக்குத் தெரிஞ்சத செஞ்சோம்" என்றாள்.

ஷாகிரா அதையும் விழுங்கிக்கொண்டாள். தால்சா குண்டானைத் தூக்கிக்கொண்டு திரை வரைக்கும் வந்தாள். அங்கிருந்து வாங்கிப் பரிமாறுவது ஆண்கள் வேலை. ஃபராஸ் வரட்டும் என்று நின்றாள். அப்போது அப்துல் கய்யூமின் குரல் கேட்டது.

"தம்பி, நீங்க சைனால ரொம்ப வருஷம் இருந்தீங்களாமே. குடும்பத்தோடயா?"

ஆக, அவர்களுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. காலையிலிருந்து நடந்த நாடகமெல்லாம் வீண்.

"ஆமா பாய், குடும்பத்தோடதான்" என்றான் ஃபராஸ்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க? அங்க நமக்குச் செட் ஆவுமா?"

திரைக்கு இந்தப் பக்கம் ஷாகிரா காத்திருந்தாள். சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். என் வீட்டுக்காரி பஸ் மாறிப் போய்க் கறி வாங்கி வருவாள் பாய், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று. இந்த ஒரு வரிக்காக அவள் அந்த வீட்டில் ஐந்தாறு வருடம் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஃபராஸ் சிரித்தான்.

"அத ஏன் கேக்கறீங்க பாய்! வெளிலயாவது மீன், முட்டைன்னு கேட்டு வாங்கிச் சமாளிச்சிடுவேன். வூட்லதான் ஆபத்து. இவ கீழ் வூட்டு சைனாக்காரிகிட்ட கத்துகினு வந்து என்னத்தயோ போட்டுக் கிண்டி வெப்பா. என்னா ஏதுன்னு கேக்க முடியுமா? பிஸ்மி சொல்லி, கண்ண மூடிகினு முழுங்கிட வேண்டியதுதான்!"

கூடமே சிரித்தது. ஆசிஃப் தொடையைத் தட்டிச் சிரித்தான். மாமனார் மெஹபூப் அலிகூட மீசைக்குள் சிரித்ததைத் திரையின் இடுக்கு வழியே பார்த்தாள்.

குண்டானைக் கீழே வைத்தாள். முக்காட்டை இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகினாள். திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனாள்.

சிரிப்பு அறுந்தது. பிரியாணிக் கவளம் வாய்க்குப் போகாமல் பல கைகளில் நின்றது.

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய்" என்றாள் அப்துல் கய்யூமைப் பார்த்து. "நான் ஷாகிரா. அந்தச் சமையல் பண்ணவ."

"வ அலைக்கும் ஸலாம். உக்காருங்கம்மா. நான் சும்மா பேச்சுக்குக் கேட்டேன்."

"நீங்க கேட்டதுல தப்பில்ல பாய். பதில்தான் தப்பு. நான் சைனால மொதல்ல கத்துகின பேச்சு என்னா தெரியுமா? எப்படி இருக்கீங்கன்றது இல்ல. வெல எவ்ளோன்றதும் இல்ல. 'இதுல பன்னிக் கொழுப்பு சேத்திருக்கா?' அதான். எட்டு வருஷமும் தெனம் ஒரு கடைக்காரன்கிட்டயாவது அதக் கேட்டேன். என்னைப் பார்த்தாலே கடைக்காரனுங்க, நான் கேக்கறதுக்கு முன்னாடியே இல்ல இல்லன்னு கைய ஆட்டுவானுங்க."

"ஷாகி, உள்ள போ" என்றான் ஃபராஸ். சிரிப்பு இன்னும் அவன் உதட்டில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"கீழ் வூட்டு சைனாக்காரின்னு சொன்னாரே, அவ அஞ்சு நேரம் தொழுதவ. நோன்புல எனக்கு முன்னாடி எழுந்து வந்து கதவத் தட்டினவ. அவ பேரு மா லான். அவ இல்லன்னா இவரு அந்த ஊர்ல பிஸ்கெட் தின்னே செத்திருப்பாரு."

"விளையாட்டுக்குச் சொன்னேன், நீ வேற..."

"என் கையால நீங்க ஒரு நாளாச்சும் கண்ண மூடிகினு முழுங்கினீங்களா?" இப்போது அவனையே பார்த்துக் கேட்டாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும். "தொறந்துகினுதான சாப்ட்டீங்க? இன்னும் இருக்கான்னு கேட்டு வாங்கித்தான சாப்ட்டீங்க? கண்ண மூடிகினு முழுங்கினது எங்க? சொல்லட்டா?"

ஃபராஸின் உதட்டில் மிச்சமிருந்த சிரிப்பு போய்விட்டது. முகம் வெளுத்தது. வட்ட மேசைகளும் சுற்றும் தட்டுகளும் அவன் கண்ணில் வந்து நின்றதை அவள் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனியில் இருந்தது. மெஹபூப் அலியின் மகன், பேணுதலான சம்பந்தியின் எதிரில், கையில் சோற்றோடு உட்கார்ந்தபடியே உடைந்து போவான்.

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "தால்சா கீழ வெச்சிருக்கேன். எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

சமையலறையில் ருக்சார் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஆம்பளைங்க நடுவுல போய் நிக்கறியே, இதான் உங்க வடபழனில சொல்லிக் குடுத்தாங்களா? என் பொண்ணு வாழ்க்கைல மண்ணள்ளிப் போடணும்னு எத்தன நாளா காத்துகினு இருந்த?"

"கைய எடுங்க பாபி."

"எடுக்கலன்னா?"

"காலைலேர்ந்து அடுப்புல நின்னது நான். ஏதோ நமக்குத் தெரிஞ்சத செஞ்சோம்னு சேலையச் சரி பண்ணது நீங்க. அதக்கூட நான் கேக்கல. கைய எடுங்க."

ருக்சார் கையை எடுத்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டார்கள். அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து ஃபராஸ் மாடிக்கு வந்தான். ஷாகிரா கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். கோபமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சமாதானமாகப் பேசினான்.

"சரி, வுடு. அவரு ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. நல்ல பொண்ணு, ரோஷக்காரின்னு போகும்போது சொன்னாரு." அருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "நீ அத மட்டும் சொல்லாம வுட்டியே, அதுக்கு நான் உனக்குக் கடன்பட்டிருக்கேன். எனக்குத் தெரியும் நீ சொல்ல மாட்டன்னு. நீ அப்படிப்பட்டவ இல்ல. அதான் நானும் தைரியமா..."

நிறுத்திக்கொண்டான். தாமதமாக நிறுத்தினான்.

ஷாகிரா கையிலிருந்த துணியைக் கொடியிலேயே போட்டாள்.

"தைரியமா?"

"அதில்ல ஷாகி..."

"சொல்லுங்க. தைரியமா என்னா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. வாய் தவறி வந்த பேச்சு என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தாள். சபையில் நாலு பேர் சிரிக்க வேண்டும் என்ற அவனுடைய பழைய புத்தி என்று நினைத்திருந்தாள். இல்லை. தன் அழுக்கை எடுத்து அவள் அடுப்பில் கொட்டும்போது, அவள் வாய் திறக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் கொட்டியிருக்கிறான். அவள் மடியில் தலை வைத்து அழுத அதே ஆள். அவள் மூடி வைத்ததையே அவன் தனக்கு முட்டாக வைத்துக்கொண்டான்.

"இனிமே என் கையால உங்களுக்குச் சோறு கிடையாது" என்றாள்.

"இன்னா பேச்சு இது?"

"ஆபத்தான கை. நீங்கதான சொன்னீங்க? எதுக்கு ரிஸ்க்கு."

மறுநாள் ஆயத் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சீருடையைக்கூட மாற்றவிடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு தி.நகருக்கு பஸ் ஏறினாள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் முண்டியடித்து ஒற்றை பர்னர் அடுப்பும் கனமான இரும்புச் சட்டியும் வாங்கினாள். சின்ன சிலிண்டரை ஆட்டோவில் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு வந்தாள். தகரக் கூரை அறையில் கூரை முட்ட அட்டைப் பெட்டிகள். விற்காத ஹேர் கிளிப்புகள், பட்டாம்பூச்சி வடிவத்தில். யீவூவில் அவளே தேர்ந்தெடுத்து அனுப்பியவை. ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி மாடிப்படியில் இறக்கி, ஆசிஃபின் அறைக் கதவுக்கு முன்னால் அடுக்கினாள். ஆயத் பாதியில், "அம்மா, கை வலிக்குது" என்றாள். "போய் உக்காரு" என்று சொல்லிவிட்டுத் தானே மிச்சத்தையும் இறக்கினாள். வேர்வையில் முதுகோடு துணி ஒட்டிக்கொண்டது. அன்றைக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆசிஃப் வந்து கதவு மறைந்து நின்ற பெட்டிகளைப் பார்த்துக் கத்தினான். ருக்சார் அவனைவிடச் சத்தமாகக் கத்தினாள். மெஹபூப் அலி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கழுவிய தரை இன்னும் காயாத அந்த அறையில், அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரே வூட்ல ரெண்டு அடுப்பாம்மா? தெருவுல என்ன பேசுவாங்க?"

"மாமா, நேத்து நீங்களும் சிரிச்சீங்க."

அவர் படியிறங்கிப் போனார்.

அன்றிலிருந்து ஷாகிரா மேலே சமைத்தாள். தனக்கும் ஆயத்துக்கும். கீழே ருக்சாருக்கு ஒத்தாசைக்குப் போவதையும் நிறுத்தினாள். முதல் இரண்டு நாள் ருக்சார் பாத்திரங்களை வேண்டுமென்றே உருட்டினாள். மூன்றாம் நாள் ஹோட்டலிலிருந்து பரோட்டா வந்தது. ஃபராஸ் கீழேயே சாப்பிட்டான். ஒருநாள் பசியோடு கடையிலிருந்து வந்தவன், சட்டியில் மிளகாய் பொரிகிற வாசனையைப் பிடித்துக்கொண்டு நேராக மேலே வந்துவிட்டான். தட்டை எடுத்து நீட்டினான்.

"மொதல்ல போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"யார் கிட்ட? என்னான்னு?"

"சிரிச்சவங்க கிட்ட. உங்க அப்பா, உங்க அண்ணன், பாபி. என் கைல கெட்டது வரலன்னு. அப்பறம் கெட்டது எங்கேர்ந்து வந்துச்சுன்னு."

"அதப் போய் எப்படி ஷாகி சொல்றது? அப்பா உயிர வுட்டுடுவாரு."

"எம்மேல சொல்லும்போது அவரு உயிரோடதான் இருந்தாரு."

வெள்ளிக்கிழமை மறுபடி தட்டோடு வந்து, அண்ணனிடம் பேசிவிட்டேன் என்றான். என்ன சொன்னீங்க என்று கேட்டாள். நீ வருத்தமா இருக்கேன்னு சொன்னேன் என்றான். அவள் தட்டைப் பிடுங்கித் தொட்டியில் போட்டாள். "நான் வருத்தமா இல்ல. கோவமா கீறேன். அதக்கூடச் சரியாச் சொல்லத் தெரியலியா உங்களுக்கு?"

இதற்கிடையில் மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். நிச்சயத்துக்கு நாள் பார்த்தார்கள். ஆஃப்ரீன் மட்டும் மேலே வந்து, "சாச்சி, எனக்கு உங்க மேல கோவம் இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, படியேறி யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்று கொஞ்சம் உருளைக்கிழங்கு சாப்பிட்டுவிட்டுப் போனாள். ருக்சார் சம்மதம் வந்ததற்குத் தன் சாமர்த்தியம்தான் காரணம் என்று போனில் எல்லோருக்கும் சொன்னாள். "எங்க வூட்ல ஒருத்தி கெடுக்கத்தான் பார்த்தா" என்பதையும் சேர்த்தே சொன்னாள். அது மாடி வரைக்கும் கேட்கட்டும் என்று சொன்னாள். ஷாகிரா இறங்கிப் போய்ச் சண்டை போடலாமா என்று ஒரு படி இறங்கியவள், திரும்பிவிட்டாள். அவள் சண்டை ருக்சாரோடு இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசலிலிருந்து திரும்பிய அப்பாவும் இரண்டு மகன்களும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஷாகிரா மாடிப்படியில் காய்ந்த மிளகாயைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபராஸின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல். தடுமாறிய குரல். அவளுக்கு அந்தக் குரல் தெரியும், ஒரு தடவை மடியில் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, அன்னிக்கு நான் சொன்னது பொய். ஷாகிரா கையால எனக்கு ஒரு நாளும் ஹராமா எதுவும் வரல. வெளில விருந்துங்கள்ல நான்தான் சாப்பிட்டேன். தெரிஞ்சே சாப்பிட்டேன். ஆர்டருக்காக. அவளுக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தா. நான் அத அவ தலைல போட்டேன்."

ஆசிஃப் ஏதோ சொல்ல ஆரம்பித்தான், ஆர்டருக்காக என்ற வார்த்தை அவனைத்தான் தொட்டிருக்கும். மெஹபூப் அலி, "நீ சும்மா இரு" என்றார். பிறகும் அவர் குரல்தான் கேட்டது. "ருக்சார், சோறு போடும்மா." அவ்வளவுதான். ஆறுதலும் இல்லை, ஏச்சும் இல்லை.

ஷாகிரா தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. மிளகாய் விதையெல்லாம் சேலையில் கொட்டிக் கிடந்தது. உதறிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

பின்னாலேயே ஃபராஸ் வந்தான். கீழே சாப்பிடாமல் வந்திருந்தான். கதவருகில் நின்றான். உள்ளே வரலாமா என்று கேட்பவனைப் போல நிலைப்படியில் கை வைத்திருந்தான். அவள் சட்டியிலிருந்து சோற்றின் மேல் பாகற்காயும் முட்டையும் கிளறியதை எடுத்துப் போட்டுத் தட்டைத் தரையில் வைத்தாள். அவன் உட்கார்ந்தான். பிஸ்மி சொன்னான். கண்ணைத் திறந்துகொண்டே சாப்பிட்டான், அவள் பார்க்கிறாள் என்று தெரிந்து.

"கோவம் போயிடுச்சா?" என்று கேட்டான்.

"இல்ல. சாப்பிடுங்க."

"அடுப்ப கீழ எடுத்துட்டுப் போயிடலாமா?"

"இது இங்கதான் இருக்கும்."

அவன் தலையாட்டினான். இரண்டு கவளம் போனபின் காரம் தொண்டையில் ஏறி இருமினான். கண்ணில் தண்ணீர் வந்தது. இருமிக்கொண்டே கையை நீட்டி, "தண்ணி" என்றான், எப்போதும் கேட்பது போல.

ஷாகிரா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"கேன் வெளில கீது. எழுந்து போய் எடுத்துக்கோங்க."